ஏழு வயது மகன் இன்னும் படுக்கையை நனைக்கிறான்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தது முதல் இன்றுவரை ஒரு வாரம்கூடத் தொடர்ந்து படுக்கை நனையாமல் இருந்ததில்லை. வாரத்தில் ஐந்து நாளாவது நனைத்துவிடுகிறான். மாலை 6 மணிக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லை. இரவு 12 மணிக்கும் 4 மணிக்கும் தூக்கிக்கொண்டு போய் ஒன்றுக்குப் போகவைக்கிறேன். அப்படியும் நடுவில் போய்விடுகிறான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜட்டி லேசாக ஈரமாக இருக்கும்; விளையாட்டு மும்முரத்தில் அடக்கி வைத்திருப்பான் என்று விட்டுவிடுவேன். மலம் கழிப்பது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான். சோம்பேறித்தனம் என்கிறார் என் கணவர். கோபத்தில் நான் இரண்டு முறை அடித்தும்விட்டேன். மாமியார் எள்ளுருண்டை கொடுக்கச் சொல்கிறார். தம் மகனும் 10 வயதுவரை இப்படித்தான் இருந்தார் என்று போன மாதம்தான் வாய் திறந்தார். சிறுநீரகத்தில் கோளாறு இருக்குமா? மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கலாமா? மே மாதம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் மூன்று நாள் தங்க வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் சிறுநீரக நோயைச் சுட்டும் அறிகுறி எதுவும் இல்லை. ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து அதை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைச் செய்வார்கள். இது சோம்பேறித்தனமும் இல்லை. தூக்கத்தில் நடக்கும் ஒன்றுக்குச் சோம்பலையோ பிடிவாதத்தையோ காரணமாகச் சொல்வது எந்தக் குழந்தைக்கும் பொருந்தாது. உங்கள் மகனுக்கு அது சற்றும் பொருந்தாது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

5 வயது நிறைவதற்கு முன் இரவில் படுக்கை நனைவதை மருத்துவம் ஒரு கோளாறாகவே கருதுவதில்லை. 5 வயதில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 15 பேர் நனைக்கிறார்கள். 7 வயதிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இருப்பார்கள். உங்கள் மகனின் வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், அவனைத் தவிர இன்னும் ஒன்றிரண்டு வீடுகளிலாவது காலையில் யாரோ ஒரு தாய் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும்தான் இந்தத் துன்பம் என்று நினைத்துக்கொள்கிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே ஆண்டுதோறும் இந்தக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது நின்றுவிடுகிறது. 15 வயதில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கே இது மிஞ்சுகிறது. தானாக நிற்கக்கூடியது என்பதற்காகப் பேசாமல் இருந்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். 7 வயதுக் குழந்தைக்கு வெட்கம் தெரியும். அது வளர்வதற்கு முன் உதவி செய்வதே நல்லது.

இரவில் நடப்பது இதுதான். தூங்கும் நேரத்தில் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீர் உருவாகும் அளவைக் குறைக்கும். சில குழந்தைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு வயதுக்கேற்ப அமையச் சற்றுக் காலம் பிடிக்கிறது, அதுவரை இரவில் நிறையச் சிறுநீர் சேர்கிறது. வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைவாக இருக்கும், அல்லது அது முழுவதும் நிறையும் முன்பே சுருங்கிவிடும். இவற்றோடு, சிறுநீர்ப்பை அனுப்பும் செய்தி தூக்கத்தைக் கலைக்காமல் போவதும் சேரும்போது படுக்கை நனைகிறது. மூன்றில் எது எவ்வளவு என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும், சிகிச்சையும் அதற்கேற்ப மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்ட மருந்து உங்கள் பிள்ளைக்குக் கேட்காமல் போவதற்கு இதுவே காரணம்.

பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பெற்றோர் இருவருக்கும் சிறு வயதில் இந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 15 என்றால், ஒருவருக்கு இருந்திருந்தால் அது 44 ஆகவும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 ஆகவும் உயர்கிறது. உங்கள் மாமியார் இத்தனை நாள் கழித்தேனும் அதைச் சொன்னது பெரிய உதவி, அவருக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் கணவர் தம் மகனைச் சோம்பேறி என்று சொல்வது, தாம் சிறுவனாக இருந்தபோது பட்ட வேதனையை மறந்துவிட்டதால்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் அவரே மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நானும் உன்ன மாதிரிதான் கண்ணு இருந்தேன், அப்புறம் சரியாப் போச்சு" என்று சொல்லட்டும். பல ஆண்டுகள் குழந்தைகளைப் பார்த்துவரும் நான், தகப்பனின் வாயிலிருந்து வரும் இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு பிள்ளைகளின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அது உண்மையாகவே நடந்த கதை என்பதால் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளுக்கு வருகிறேன். மாலையில் ஜட்டி ஈரமாக இருக்கிறது என்பது ஒன்று. மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போகிறது என்பது மற்றொன்று. இரவைப் பற்றி நீங்கள் எழுதிய அத்தனையையும்விட எனக்கு முக்கியமாகப் படுபவை இவைதாம். பகல் முழுவதும் சரியாக இருந்து, இரவில் மட்டும் நனைக்கும் குழந்தைக்கு ஒரு வழி. பகலிலும் சொட்டுச் சொட்டாகக் கசியும் குழந்தைக்கு வேறு வழி. பகலில் கசிகிறது என்றால் அவன் விழித்திருக்கும்போதே சிறுநீர்ப்பை சொல்வதை முழுவதும் கேட்கவில்லை, முழுவதும் காலி செய்யவும் இல்லை என்று பொருள். இதைத்தான் சோம்பேறித்தனத்துக்கு எதிரான ஆதாரம் என்றேன். விளையாட்டிலும் பாடத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்திலேயே கட்டுப்பாடு தவறுகிறது என்றால் தூங்கும்போது தவறுவதற்கு அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பகலைச் சரிசெய்யாமல் இரவுக்கு மட்டும் மருந்தோ கருவியோ கொடுத்தால் பெரும்பாலும் பலன் கிட்டாது.

மலச்சிக்கலிலிருந்து தொடங்குங்கள். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் முன்னும் பின்னுமாக ஒட்டி இருக்கின்றன. மலக்குடலில் பல நாள் மலம் தேங்கி இறுகினால் அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அதனால் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு குறைகிறது, வேண்டாத நேரத்தில் சுருங்குகிறது, முழுவதும் காலியாகவும் மறுக்கிறது. தினமும் போகிறான் என்று சொல்லும் வீடுகளிலும்கூட மலச்சிக்கல் ஒளிந்திருப்பதுண்டு. ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டை உருண்டையாகப் போவது, கழிவறையை அடைக்கும் அளவுக்குத் தடித்துப் போவது, போகும்போது முக்கி அழுவது, ஜட்டியில் மலக்கறை படுவது ஆகிய எல்லாமே அதன் அடையாளங்கள். இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும் உண்டு, அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இதற்கு உணவு மட்டும் பல நேரம் போதாது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கீரை, கொய்யா, வாழைத்தண்டு, பயறு, இரவில் ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் கொடுங்கள். பாலை நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் நிறையக் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றிலும் காயிலும் நாட்டம் குறைந்து, மலம் இறுகும். ஆனால் பல மாதமாகத் தேங்கிய மலத்தை வெளியேற்ற லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளோ தேவைப்படும். அளவைக் குழந்தை மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்வார். பழகிவிடும் என்ற பயத்தில் பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள். விரிந்துபோன குடல் பழைய நிலைக்கு வர மாதக் கணக்கில் ஆகும், அதுவரை மருந்து தொடர வேண்டும். காலை உணவு முடிந்து அரைமணி நேரத்துக்குள் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் அவனைக் கழிவறையில் உட்காரவையுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் நம் ஊர்க் கழிவறை இதற்கு மிகவும் ஏற்றது. உயரமான மேல்நாட்டுக் கழிவறை என்றால் கால் தொங்காமல் ஒரு சிறிய மணைப்பலகையை அடியில் போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி செய்யுங்கள். பள்ளிப் பேருந்து ஏழரைக்கே வந்துவிடுகிறது என்றால் அரைமணி நேரம் முன்னதாக எழுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது பள்ளிக்கூடம். காலையில் நிறைத்து அனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் எவ்வளவு குறைந்து வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நாற்றம் தாங்கவில்லை, வகுப்பு நடக்கும்போது கேட்டால் ஆசிரியை கோபிக்கிறார் என்ற காரணங்களால் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து, வந்ததையும் அடக்கி வைக்கிறார்கள். கால்களைப் பின்னிக்கொண்டு நெளிவது, குதிகாலின் மேல் குந்தி உட்கார்ந்துகொள்வது, முன்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொள்வது எல்லாம் அடக்குவதன் அறிகுறிகள். பிறகு வீட்டுக்கு வந்ததும் தாகம் பொறுக்காமல் மாலையிலும் இரவிலும் குடித்துத் தீர்க்கிறார்கள். அவன் குடிக்கத் தொடங்கும் அந்த நேரத்தில்தான் நீங்கள் தண்ணீரை நிறுத்துகிறீர்கள். ஆக நாள் முழுவதும் அவன் உடலுக்குத் தண்ணீர் போதவில்லை, மலமும் இறுகுகிறது.

இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் குடிக்கும் திரவமாக மட்டும் ஒரு லிட்டரிலிருந்து 1.4 லிட்டர் வரை தேவை. ஈரோட்டுச் சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். இதில் பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் குடிக்கச் செய்து, மாலைக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்படி பாருங்கள். பகலில் ஒழுங்காகக் குடித்த பிள்ளை இரவில் தானாகவே குறைவாகக் கேட்கும். தூங்கப் போவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் தவிர்த்தால் போதும். தாகம் என்று கேட்டால் ஒரு மடக்குக் கொடுப்பதைத் தடுக்காதீர்கள். தேநீர், காபி, கோலா பானங்கள் வேண்டவே வேண்டாம். இவற்றில் இருக்கும் காஃபின் சிறுநீரைப் பெருக்கும், சிறுநீர்ப்பையையும் கிளறிவிடும். வகுப்பாசிரியைக்கு ஒரு சிறு கடிதம் எழுதி, இரண்டு இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் அவனைக் கழிவறைக்குப் போகச் சொல்லவும், இடையில் கேட்டால் அனுப்பவும் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கை நனையும் விஷயத்தை அதில் எழுத வேண்டியதில்லை; மருத்துவர் ஆலோசனை என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். பகலில் ஐந்து முதல் ஏழு முறை, அதாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரப்படாமல் நின்று முழுவதும் போய்விட்டு வர அவனுக்குப் பழக்குங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு வேலை செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழைய பிளாஸ்டிக் அளவுக் குவளை ஒன்றைக் கழிவறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி போகிறான், எத்தனை மணிக்கு, என்ன குடித்தான் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வயதுடன் ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் சிறுநீர்ப்பைக் கொள்ளளவு கிடைக்கும். உங்கள் மகனுக்கு அது 240 மில்லி. காலையில் எழுந்ததும் போவதை விட்டுவிட்டு, பகலில் அவன் போகும் அளவுகளில் பெரியதே 120, 130 என்றிருந்தால் சிறுநீர்ப்பை பக்கம் பிரச்சினை என்று தெரியும். இரவு அளவையும் பார்க்கலாம். ஒரு வாரம் டயப்பர் போட்டுப் படுக்கவைத்து, காலையில் சமையலறைத் தராசில் எடைபோட்டு, உலர்ந்த டயப்பரின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி. அதோடு காலையில் முதலில் போகும் அளவையும் சேர்த்தால் அந்த இரவில் உருவான மொத்தச் சிறுநீர் கிடைக்கும். அது 310 மில்லியைத் தாண்டிப் போகிறது என்றால் இரவில் அதிகம் சுரக்கிறது. இந்த நோட்டைப் பார்த்த மருத்துவர் எந்தச் சிகிச்சை என்பதை மிக எளிதாக முடிவு செய்வார்.

அடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. இரவில் இரண்டு முறை எழுந்து, காலையில் துவைத்து, பிறகு வேலையையும் பார்க்கும் ஒருவருக்குப் பொறுமை தீர்வது நடக்கக்கூடியதே. ஆனாலும் இனி ஒருபோதும் கூடாது. அடித்தால் தூங்கும் மூளைக்கு எதுவும் எட்டாது, விழித்திருக்கும் பிள்ளைக்கு அச்சம் மட்டும் எட்டும். நனைந்த துணியைக் கழுத்தில் போட்டு நிற்கவைப்பது, உறவுக்காரர் முன் சொல்லிச் சிரிப்பது, தங்கையோடு ஒப்பிடுவது ஆகியவையும் அடிதான். இதற்காகக் குழந்தைக்குச் சூடு வைத்த கொடுமைகள்கூடச் செய்தித்தாள்களில் வருகின்றன. அப்படி ஒன்று எங்கேனும் தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யாரும் தகவல் தரலாம். உங்கள் மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது மிக எளியது: "இது உன் தப்பு இல்ல கண்ணு. அம்மா அன்னைக்கு அடிச்சது தப்பு. நாம சேர்ந்து சரி பண்ணிக்கலாம்." பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்று சில வீடுகளில் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

பரிசு கொடுக்க விரும்பினால் நனையாத இரவுக்குக் கொடுக்காதீர்கள். அது அவன் கையில் இல்லை. கிடைக்காத நாளில் அதுவே தண்டனையாகிவிடும். பள்ளியில் தண்ணீரைக் குடித்து முடித்தது, காலையில் கழிவறையில் உட்கார்ந்தது, படுக்கும் முன் மறக்காமல் போய்வந்தது, நனைந்த விரிப்பை வாளியில் கொண்டுபோய்ப் போட உதவியது ஆகியவற்றுக்கு நாட்காட்டியில் ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கள். இவை அவனால் முடிந்தவை.

இரவில் 12 மணிக்கும் 4 மணிக்கும் தூக்கிக்கொண்டு போவதைப் பற்றிக் கேட்டால், அதனால் தீங்கு இல்லை, அவனுக்குப் பயிற்சியும் இல்லை என்பதே பதில். கண்ணைத் திறக்காமல் உங்கள் தோளில் சாய்ந்தபடி போகிறவன் தூக்கத்திலேயே சிறுநீர் கழிக்கத்தான் பழகுகிறான். நீங்கள் தூங்க வேண்டும். விரும்பினால் நீங்கள் படுக்கப் போகும் முன் ஒருமுறை, நன்றாக விழிக்கவைத்து, நடக்கவைத்து அழைத்துப் போங்கள். 4 மணிக்கு எழுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மெத்தையின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் மடித்த பழைய பருத்திச் சேலை, அதற்கும் மேல் இன்னொரு ரப்பர் ஷீட்டும் சேலையும் என்று இரட்டை அடுக்காகப் போட்டுவைத்தால், நனைந்ததும் மேல் அடுக்கை மட்டும் உருவிவிட்டு, விளக்கைக்கூடப் போடாமல் மறுபடி படுக்கவைத்துவிடலாம். கழிவறை வீட்டுக்கு வெளியே இருந்தால் இருட்டுக்குப் பயந்தே பல பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும், அல்லது அறையின் மூலையில் மூடியுள்ள வாளி ஒன்றை வையுங்கள். காலையில் எவ்வளவு அவசரமானாலும் இடுப்புக்குக் கீழே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டாமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வகுப்பில் வாடை வந்து ஒரு பிள்ளை கேலி செய்தால் அந்தக் காயம் ஆற வெகுகாலம் ஆகும். டயப்பர் போட்டால் பழக்கம் நிலைத்துவிடும் என்ற பயம் வேண்டாம், ஆனால் அவனுக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

குடலும் பகலும் சரியாகி இரண்டு மூன்று மாதம் சென்றும் இரவு நனைவது தொடர்ந்தால், அப்போது அலாரம் முறையை யோசிக்கலாம். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர்களான மவ்ரர் தம்பதியர் 1938லேயே இதை விவரித்து எழுதினார்கள். அக்காலத்தில் படுக்கையின் கீழ் விரித்த தகடும் மணியும். இப்போது உள்ளாடையில் செருகும் சிறிய உணரியும், தோளில் மாட்டும் ஒலிப்பானும். முதல் சொட்டு ஈரம் பட்டதுமே அது ஒலிக்கும். பெட்டியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று எண்ணிப் பலரும் இரண்டு வாரத்தில் கைவிடுகிறார்கள். உண்மையில் முதல் சில வாரங்கள் ஒலி கேட்டுப் பிள்ளை எழுந்திருக்கமாட்டான், வீட்டில் மற்ற எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பெற்றோரில் ஒருவர் உடனே வந்து, அவனை முழுவதும் விழிக்கவைத்து, ஒலியை அவன் கையாலேயே நிறுத்தச் செய்து, கழிவறைக்கு நடக்கவைத்து, மிச்சத்தைப் போகச் சொல்லி, உடை மாற்றி, கருவியைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். ஒவ்வோர் இரவும் இப்படித்தான். ஈரத் திட்டு சிறிதாவது, அலாரம் விடியற்காலைக்குத் தள்ளிப் போவது, ஒலி கேட்டதும் தானே எழுவது என்ற மாற்றங்கள் முதலில் தெரியும். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருக்கும்வரை விடாமல் செய்ய வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கிறது, நிறுத்திய பிறகும் பலருக்கு நிலைக்கிறது. மறுபடி நனையத் தொடங்கினால் மறுபடி மாட்டலாம். உங்கள் கணவருக்கு இரவு ஷிஃப்ட் இருந்து, எல்லாச் சுமையும் உங்கள் தலையில் விழும் என்றால் இப்போது தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். முன்பு அதிகம் கொடுக்கப்பட்ட இமிப்ரமின் மாத்திரை மன அழுத்தத்துக்கான மருந்தாக வந்தது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். வீட்டில் இன்னொரு சிறு பிள்ளை அதை மிட்டாய் என்று எடுத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இன்று முதலில் கருதப்படுவது டெஸ்மோபிரசின். வாசோபிரசினை ஒத்த இந்த மருந்து இரவில் சிறுநீர் உருவாவதைக் குறைக்கிறது, அதனால் இரவில் அதிகம் சுரக்கும் பிள்ளைகளுக்கே நன்றாக வேலை செய்யும். கொடுக்கும் நாளில் பலன் தரும், நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். இதில் ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, பிறகு 8 மணி நேரம்வரை தண்ணீர் மிகக் குறைவாகவே குடிக்கலாம். மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, வலிப்புவரை போகலாம். மூக்கில் அடிக்கும் வடிவத்தில் இந்த ஆபத்து அதிகம் என்பதால், படுக்கை நனைவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2007இல் அறிவித்தது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கும் நாளில் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.

நாத்தனார் வீட்டுக் காதுகுத்துபோன்ற மூன்று நான்கு நாள் பயணத்துக்கு இந்த மாத்திரை உதவும், ஆனால் அங்கே போய் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவர் சம்மதித்தால் இரண்டு வாரம் முன்பாகவே வீட்டில் கொடுத்து, எந்த அளவுக்குக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். விருந்து வீட்டில் சர்பத்தும் மோரும் இரவு பத்து மணிவரை கைக்குக் கை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றைத் தடுக்க முடியாது என்று தோன்றினால் மாத்திரை வேண்டாம், டயப்பரே பாதுகாப்பு. நாத்தனாரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி, கூடத்தில் வரிசையாகப் படுக்கும் பிள்ளைகளோடு இல்லாமல் உங்கள் பக்கத்தில் அவனுக்கு இடம் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பு நிறக் கால்சட்டை இரண்டும், ரப்பர் ஷீட்டும், நனைந்ததைப் போட இறுக்கி மூடும் பையும் உங்கள் பெட்டியில் இருந்தால் காலையில் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

எள்ளுருண்டையைப் பொறுத்தவரை, அது நல்ல தின்பண்டம், மாமியார் மனமுவந்து செய்து கொடுப்பதைத் தடுக்க வேண்டாம். படுக்கை நனைவதை அது நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். பெயர் தெரியாத பொடிகளையும் கட்டு மருந்துகளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் மகனுக்குப் பகல் கசிவும் மலச்சிக்கலும் இருப்பதால், சிறுநீர்ப் பரிசோதனையோடு ஒரு ஸ்கேனும் எடுப்பது நியாயம் என்று நினைக்கிறேன். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதும் போய் வந்த பிறகும் பார்த்தால் எவ்வளவு மிச்சம் நிற்கிறது, மலக்குடல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இதைக் கேளுங்கள். அங்கே மருத்துவர் முதுகின் கீழ்ப்பகுதியையும் பார்ப்பார். அங்கே குழியோ முடிக்கற்றையோ இருந்தாலோ, நடையில் தடுமாற்றம் இருந்தாலோ தண்டுவட நரம்பைச் சோதிக்க வேண்டியிருக்கும். சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, முக்கிப் போவது, எப்போதும் சொட்டிக்கொண்டே இருப்பது, எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், முகமும் காலும் வீங்குவது ஆகியவை இருந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் மூக்கடிச் சதையும் தொண்டைச் சதையும் வீங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்ததும் சில பிள்ளைகளுக்குப் படுக்கை நனைவதும் குறைகிறது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ நனைக்காமல் இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினால் அது வேறு கதை. தம்பி, தங்கை பிறந்தது, வீடு மாறியது, பெற்றோர் சண்டை, பள்ளியில் கொடுமை என்று மனம் சார்ந்த காரணம் இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் பிள்ளை நடுங்குகிறது என்றால் தனியாக உட்காரவைத்து மெதுவாகக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். அப்படித் திடீரென்று தொடங்கியதோடு, பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது, களைத்துக் கிடக்கிறது என்றால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்துவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவிலேயே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.